பார்க்காத நேரத்தில் விழும் மென்பொருள்: வாசகர் கேள்வி – பதில்

கோப்புப் பகிர்வு மென்பொருள்கள் எப்போதாவது கிராஷ் ஆவது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். எப்போதும் கிராஷ் ஆகும் மென்பொருளைச் சரிசெய்வது எளிது. எப்போதாவது ஆவதுதான் ஆளைப் படுத்தும். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் க்யூபிட்டொரன்ட் (பலரிடமிருந்து துண்டு துண்டாகக் கோப்புகளை, அதாவது டொரன்ட்களை, இறக்கும் நிரல்) பயன்படுத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒரு செய்தியும் காட்டாமல் தானாக மூடிக்கொள்கிறது. பதிவிறக்கம் எல்லாம் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் சேர்கிறது. இரண்டு முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் பலனில்லை.

பதில்: பலன் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மறுபடி நிறுவும்போது மாறுவது நிரல் கோப்புகள் மட்டுமே. அமைப்புகளும், எந்த டொரன்ட் எதுவரை இறங்கியது என்ற பதிவுகளும் உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் தனியாக இருக்கின்றன. டிஸ்க்கும் கேபிளும் ரேமும் அதேதான். பழுது இவற்றில் எங்கே இருந்தாலும் புதிதாகப் போட்ட நிரலும் விழத்தான் செய்யும்.

முதலில், அது உண்மையிலேயே கிராஷ்தானா என்று பாருங்கள். க்யூபிட்டொரன்டின் டூல்ஸ் மெனுவில், பதிவிறக்கம் முடிந்ததும் நிரலை மூடிவிடும் வசதி ஒன்று உண்டு. எப்போதோ அதை டிக் செய்துவிட்டு மறந்தவர்கள் பலர். அது இல்லை என்றால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதன் கீழே அப்ளிகேஷன் என்று போங்கள். மூடிக்கொண்ட நேரத்தில் 1000 என்ற எண்ணுடன் சிவப்புக் குறியிட்ட பதிவு இருந்தால் அது கிராஷ். அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நேரம், ஃபால்டிங் மாட்யூல் பெயர் (எந்தக் கோப்பின் நிரலில் விழுந்தது), எக்ஸெப்ஷன் கோட் (என்ன வகைப் பிழை).

எக்ஸெப்ஷன் கோட் சி0000005 என்று முடிந்தால், நிரல் தனக்கு அனுமதியில்லாத நினைவக முகவரியைத் தொட்டது என்று பொருள். இது நிரல் பிழையாலும் வரும், பழுதான ரேமாலும் வரும். இதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. சி0000374 என்றால் ஹீப் என்னும் நினைவகப் பகுதி கெட்டுப்போயிருக்கிறது. இங்கே ஒரு ஏமாற்று உண்டு. மாட்யூல் பெயர் பெரும்பாலும் விண்டோஸின் சொந்தக் கோப்பான என்டிடிஎல்எல் என்று வரும். உடனே விண்டோஸைக் குறை சொல்லத் தோன்றும். கெடுத்தது வேறு யாரோ, எப்போதோ. கணக்குப் பார்க்கும்போது கள்ளத்தைக் கண்டுபிடித்தது மட்டுமே என்டிடிஎல்எல். மாட்யூல் இடத்தில் ஆன்டிவைரஸ், கிராஃபிக்ஸ் ஓவர்லே போன்ற வெளியார் கோப்பின் பெயர் வந்தால், அதை ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதுதான் முதல் வேலை.

மூன்றாவது கோட் சி0000006. யுஎஸ்பி டிஸ்க் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். க்யூபிட்டொரன்டுக்குள் உண்மையான டொரன்ட் வேலையைச் செய்வது லிப்டொரன்ட் என்ற நூலகம். அதில் 1.2, 2.0 என்று இரண்டு வரிசைகள் உண்டு. 2.0 வரிசை, டிஸ்க்கில் இருக்கும் கோப்பை நினைவகத்தின் ஒரு பகுதிபோல மேப் செய்து படிக்கிறது, எழுதுகிறது. வழக்கமான முறையில் டிஸ்க் ஒரு நொடி துண்டிக்கப்பட்டால் 'படிக்க முடியவில்லை' என்ற பிழை திரும்பி வரும். நிரல் அந்த டொரன்டை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். மேப் செய்த கோப்பில் அப்படி இல்லை. நினைவகத்தைத் தொட்டால் அங்கே தரவு இருக்க வேண்டும். இல்லையென்றால் இயங்குதளம் நேரடியாக எக்ஸெப்ஷன் வீசும், அதுதான் சி0000006. லிப்டொரன்ட் அதைப் பிடித்துச் சாதாரணப் பிழையாக மாற்றப் பார்க்கும். எல்லா இடத்திலும் பிடித்துவிடும் என்று நம்ப முடியாது.

இதை உறுதிசெய்ய, ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷனை விட்டு சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கிராஷ் ஆன அதே நிமிடத்தில் டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 51, 153, 157 ஆகிய எண்களில் ஏதாவது இருக்கிறதா? 51 என்றால் பேஜிங் (நினைவகத்துக்கும் டிஸ்க்குக்கும் இடையே தரவை மாற்றும்) வேலையின் நடுவே டிஸ்க்கில் பிழை. 153 என்றால் படிக்கவோ எழுதவோ மறுமுயற்சி செய்ய வேண்டிவந்தது. 157 என்றால் டிஸ்க் திடீரெனக் கழன்றுபோனது. இரண்டு கிராஷ்களிலாவது இந்தப் பொருத்தம் இருந்தால் போதும், குற்றவாளி கிடைத்தாயிற்று.

இனி பழுதுபார்ப்பு. யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு, டிஸ்க்கை நேராகக் கணினியின் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் தருவது 900. தனி மின்இணைப்பு இல்லாத டிஸ்க்குக்கு இந்த வித்தியாசம் பெரிது. கேபிளை மாற்றுங்கள். பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

டிஸ்க்தான் காரணமா என்று எளிதாகச் சோதிக்க இன்னொரு வழி: முடியாத டொரன்ட்களை வேறு இடத்தில் வைக்கும் அமைப்பை இயக்கி, கணினியின் உள் டிஸ்க்கைக் காட்டுங்கள். முடிந்த டொரன்ட்களையும் நிறுத்திவைத்து யுஎஸ்பி டிஸ்க்கைத் தொடாமல் ஓடவிடுங்கள். கிராஷ் நின்றால் விஷயம் முடிந்தது.

டிஸ்க்கை மாற்ற வழியில்லை என்றால், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் டிஸ்க் ஐஓ டைப் என்பதை போசிக்ஸ் கம்ப்ளையன்ட் என்று மாற்றி, நிரலை மூடித் திறங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் மேப்பிங் இருக்காது. இல்லாவிட்டால் லிப்டொரன்ட் 1.2 உடன் வரும் க்யூபிட்டொரன்ட் பதிப்பைப் போடலாம். போடுவதற்கு முன் ஆப்டேட்டாவில், லோக்கல் கோப்புறைக்குள் க்யூபிட்டொரன்டின் கீழ் இருக்கும் பிடி பேக்கப் கோப்புறையை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு அமைப்பை மாற்றினேன். மூன்று நாளாகக் கிராஷ் இல்லை. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை கிராஷ் ஆனது என்பதைப் பொறுத்தது. சராசரியாக 2 நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எதையுமே மாற்றாமல் இருந்தாலும், தற்செயலாக 2 நாள் அமைதியாகக் கழியும் வாய்ப்பு 37 சதவீதம். 4 நாள் கழியும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். 6 நாள் என்றால் 5 சதவீதம். ஆகவே, சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருந்து, அதுவரை கிராஷ் வராவிட்டால்தான் மாற்றம் பலித்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அந்த நாள்களில் வேலைப்பளுவும் முன்புபோலவே இருக்க வேண்டும். முன்பு 200 டொரன்ட் ஓடிய இடத்தில் இப்போது 10 ஓடினால் அது சோதனையே அல்ல.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியவர்கள் இந்தக் காத்திருப்பைத் தண்ணீரில் கரைத்தவர்கள். கிராஷ் நின்றால் எது நிறுத்தியது என்று தெரியாது. நிற்காவிட்டால் ஒன்று சரிசெய்ததை மற்றது கெடுத்ததா என்றும் தெரியாது.

காத்திருக்கப் பொறுமை இல்லையா, கிராஷை அடிக்கடி வரவையுங்கள். பெரிய டொரன்ட்கள் பத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே சமயத்தில் ஃபோர்ஸ் ரீசெக் (இறங்கிய தரவை முழுக்க மறுபடி சரிபார்ப்பது) கொடுங்கள். அதிகபட்ச இணைப்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். 2 நாளுக்கு ஒருமுறை வந்தது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தால், 6 நாள் சோதனை 6 மணி நேரமாகச் சுருங்கிவிடும். எதைக் கூட்டியபோது கிராஷ் பெருகியதோ, அதுவே ஒரு தடயமும் கூட.

கேள்வி: 1 ஜிபி ரேம் உள்ள சிறிய லினக்ஸ் போர்டில் டிரான்ஸ்மிஷன் டீமனை (பின்னணியில் ஓடும் டொரன்ட் நிரல்) இரவும் பகலும் ஓடவிடுகிறேன். காலையில் பார்த்தால் நின்றிருக்கிறது. அதன் பதிவில் ஒரு பிழைகூட இல்லை. கிராஷின்போது நினைவகத்தை நகலெடுத்து வைக்கும் கோர் கோப்பும் உருவாகவில்லை.

பதில்: ஒன்றுமே எழுதாமல் செத்திருக்கிறது என்பதே தடயம். தானாக விழும் நிரல் பெரும்பாலும் ஏதாவது விட்டுச்செல்லும். வெளியிலிருந்து கொல்லப்பட்ட நிரலுக்குக் கடைசி வார்த்தை எழுத நேரம் கிடைக்காது.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து, ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். 11 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், நிரல் தவறான முகவரியைத் தொட்டது. 6 என்றால் நிரலே ஏதோ சரியில்லை என்று கண்டு தன்னை முடித்துக்கொண்டது. 7 என்றால் பஸ் பிழை. மேப் செய்த கோப்பின் அடியில் இருந்த டிஸ்க் போய்விட்டாலோ நிரம்பிவிட்டாலோ வருவது. 9 என்றால் கொலை. டாக்கர் கண்டெய்னரில் ஓடினால் இதே எண்களுடன் 128 கூட்டி வெளியேறும் எண்ணாக வரும்: 139, 134, 135, 137.

உங்களுடையது 9 என்றுதான் இருக்கும். ரேம் தீர்ந்துபோகும்போது, இயங்குதளத்தின் மையமான கெர்னல், அதிகமாக நினைவகம் தின்னும் நிரல் ஒன்றைத் தேர்ந்து கொன்றுவிடும். ஜர்னல்சிடிஎல் கட்டளையுடன் கே என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கெர்னல் செய்திகள் மட்டும் வரும். அதில் அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ் என்ற வரியையும் பக்கத்தில் டிரான்ஸ்மிஷனின் பெயரையும் தேடுங்கள். அதே வரியில் அனான் ஆர்எஸ்எஸ் என்ற இடத்தில் இருக்கும் எண், சாகும்போது அது பிடித்து வைத்திருந்த நினைவகம், கிலோபைட்டில். 700000 என்று இருந்தால் சுமார் 700 எம்பி. 1 ஜிபி போர்டில் அது தாங்காது.

போர்டை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டீர்களென்றால் அந்த வரி போயிருக்கக்கூடும். பல சிஸ்டம்களில் ஜர்னல் என்னும் சிஸ்டம் பதிவு, ரேமில் மட்டுமே இருக்கும். வார் கோப்புறைக்குள் லாக் கோப்புறையில் ஜர்னல் என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால், ஜர்னலின் ஸ்டோரேஜ் அமைப்பு ஆட்டோ என்று இருக்கும்வரை பதிவுகள் டிஸ்க்கில் நிலைக்கும். ரேமிலேயே வைக்கும்படி அமைப்பில் எழுதப்பட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

டிரான்ஸ்மிஷன் இயல்பில் இவ்வளவு தின்னும் நிரல் அல்ல. யாரோ 'வேகம் கூடும்' என்று சொன்னதைக் கேட்டு கேஷ் சைஸை (தற்காலிகமாக ரேமில் வைக்கும் தரவின் அளவை) 4 எம்பியிலிருந்து 512க்கு ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மொத்த பியர் (உங்களுடன் இணையும் மற்ற கணினிகள்) வரம்பு இயல்பாக 200, ஒரு டொரன்டுக்கு 50. இவற்றையும் ஏற்றியிருந்தால் இறக்குங்கள். மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது: டீமன் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டிங்ஸ் கோப்பைத் திருத்தினால், அது நிற்கும்போது தன்னிடமிருந்த பழைய மதிப்புகளை மேலே எழுதிவிட்டுப் போகும். நீங்கள் மாற்றியதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் நிறுத்துங்கள், பிறகு திருத்துங்கள், பிறகு ஓடவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கோப்புகளைப் பகிர சாம்பா சர்வர். நாள்தோறும் யாராவது ஒருவருக்கு மட்டும் பகிர்வு அறுந்துபோகிறது. அதே நேரத்தில் மற்றவர்கள் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள். சர்வரைப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது.

பதில்: சாம்பாவில், இணையும் ஒவ்வொரு கணினிக்கும் எஸ்எம்பிடி என்ற அதன் முதன்மை நிரல் தனித்தனிப் பிள்ளை ப்ராசஸ் ஒன்றை உருவாக்குகிறது. ஒரு பிள்ளை விழுந்தால் அதற்குரிய ஆளுக்கு மட்டும் அறுந்துபோகும். தாய் ப்ராசஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் சர்வர் நலமாகத் தெரியும்.

பதிவுகளில் இன்டர்னல் எரர், சிக்னல் 11 என்று தொடங்கும் வரியும் அதன் கீழே பேனிக் என்ற சொல்லும் இருந்தால் கிராஷ். அவை இல்லாமல் இணைப்பு மட்டும் அறுந்திருந்தால் சாம்பாவை விட்டுவிட்டு ஸ்விட்ச், கேபிள், வைஃபை பக்கம் தேடுங்கள். லாக் ஃபைல் அமைப்பில், கோப்புப் பெயரின் கடைசியில் சதவீதக் குறியும் எம் எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பதிவு கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் துழாவ வேண்டியதில்லை.

எல்லாருக்கும் லாக் லெவலை (பதிவு எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பதை) 10 ஆக்கிவிடாதீர்கள். மேக்ஸ் லாக் சைஸ் இயல்பாக 5000 கிலோபைட். லெவல் 10இல் அது விரைவில் நிரம்பி, பழையது ஓல்ட் என்ற பெயருக்கு மாறி, அடுத்த சுற்றில் அதுவும் அழிந்துவிடும். கிராஷ் வந்த நேரத்துப் பதிவு உங்கள் கண்ணில் படாமலே போகும். அளவை 0 ஆக்கினால் வரம்பே இல்லை, டிஸ்க் நிரம்பிவிடும். எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையில் அடிக்கடி பாதிக்கப்படும் ஆளின் ப்ராசஸ் எண்ணை எடுத்து, எஸ்எம்பிகன்ட்ரோல் கட்டளையால் அந்த எண்ணுக்கு மட்டும் டீபக் லெவலை (லாக் லெவலின் இன்னொரு பெயர்) உயர்த்துவதே சரியான வழி.

சந்தேகத்துக்குரிய இடம், சாம்பாவின் அமைப்புக் கோப்பில் கூடுதல் மாட்யூல்களைச் சேர்க்கும் விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் வரி. ஃப்ரூட், ரீசைக்கிள், ஃபுல் ஆடிட் என்று அங்கே எத்தனை மாட்யூல் அடுக்கியிருக்கிறதோ, அத்தனையும் ஒவ்வொரு கோப்பு வேலையின் நடுவிலும் புகுந்து போகும். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மாற்றிய பின், அமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் ஓட்ட மறக்காதீர்கள். ஆனால் ஃப்ரூட்டுடன் ஸ்ட்ரீம்ஸ் எக்ஸாட்டர் மாட்யூலும் இருந்தால், ஸ்ட்ரீம்ஸ் எக்ஸாட்டரை மட்டும் தனியே எடுத்துவிடக் கூடாது. ஃப்ரூட் அதை நம்பி இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கிராஷ் ஆகிறது. மாட்யூல் பெயரும் ஒரே மாதிரி இல்லை. எந்தப் பதிப்பைப் போட்டாலும் இதே கதை.

பதில்: நிரல் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழும். ஊரெல்லாம் விழுகிறது என்றால் ரேமைச் சந்தேகியுங்கள்.

டொரன்ட் நிரலிடமே இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் (தரவைச் சரிபார்க்க உதவும், கைரேகை போன்ற எண்) இருப்பதால், முழுதும் இறங்கிய டொரன்ட் ஒன்றை எத்தனை முறை ஃபோர்ஸ் ரீசெக் செய்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும். முதல் முறை 100, அடுத்த முறை 99.8, மூன்றாம் முறை 100 என்று வந்தால் தரவு மாறவில்லை. படிக்கும் வழியில் ஏதோ கெடுக்கிறது. ரேமோ, டிஸ்க் கேபிளோ, டிஸ்க் கன்ட்ரோலரோ. சோதிக்கும் டொரன்ட் உங்கள் ரேமைவிடப் பெரிதாக இருக்கட்டும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 2 ஜிபி டொரன்டைச் சோதித்தால், இரண்டாம் முறை டிஸ்க்கைத் தொடாமல் கேஷிலிருந்தே படித்துவிடும். டிஸ்க் பக்கத்துப் பழுது தெரியாது.

அப்படி மாறி மாறி வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட்டுங்கள், குறைந்தது 4 சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தேறவில்லை என்றே கொள்ளுங்கள். பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். ரேம் நன்றாக இருந்து வேகம் மட்டும் கூடிப்போனதாக இருக்கலாம். ரேம் தேறிவிட்டால் டிஸ்க் தன் நலத்தைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் கேபிள். 197 ஏறினால் டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள். உடனே பேக்கப் எடுங்கள்.

கேள்வி: பிழை அறிக்கை அனுப்பினேன். 'பேக்ட்ரேஸ் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது' என்று மூடிவிட்டார்கள். அதை எப்படி எடுப்பது?

பதில்: பேக்ட்ரேஸ் என்பது, விழுந்த நேரத்தில் நிரல் எந்தெந்தச் செயல்பாடுகளுக்குள் இருந்தது என்று காட்டும் அடுக்கு. லினக்ஸில் கோர்டம்ப்சிடிஎல் இருந்தால் வேலை சுலபம். லிஸ்ட் என்று கொடுத்துக் கிராஷைக் கண்டுபிடியுங்கள். ஜிடிபி என்று கொடுத்து அதைத் திறங்கள். உள்ளே திரெட் அப்ளை ஆல் பிடி என்று அடித்தால் எல்லாத் திரெட்டுகளின் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளின்) அடுக்கும் வரும். அடுக்கு முழுக்க இரட்டைக் கேள்விக்குறிகளாக இருந்தால், அடுக்குக்குப் பெயர்கள் தரும் டீபக் சிம்பல்கள் இல்லை. டீபக்இன்ஃபோடி மூலம் இறக்கிக்கொள்ளட்டுமா என்று ஜிடிபி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். மேலே ரெய்ஸ், அபார்ட் என்று வரும் வரிகளில் தகவல் இல்லை. அவற்றைத் தாண்டிக் கீழே, நிரலின் சொந்தப் பெயர் வரும் முதல் வரியே முக்கியம்.

விண்டோஸில், ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங்கின் கீழ் லோக்கல்டம்ப்ஸ் என்ற கீயை உருவாக்கி, அதில் டம்ப்டைப் என்ற மதிப்பை 2 என்று வையுங்கள். அடுத்த கிராஷின்போது முழு டம்ப், கிராஷ்டம்ப்ஸ் கோப்புறையில் விழும்.

டம்ப் கோப்பை மட்டும் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். நிரலின் நினைவகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது: வெப் இடைமுகத்தின் கடவுச்சொல், டிராக்கர் (டொரன்ட் பயனர்களை இணைக்கும் சர்வர்) முகவரியில் ஒட்டியிருக்கும் உங்கள் ரகசிய பாஸ்கீ, எல்லாம். எழுத்து வடிவ பேக்ட்ரேஸை மட்டும் ஒட்டுங்கள். அதிலும் டிராக்கர் முகவரி தெரிந்தால் அழித்துவிடுங்கள். க்யூபிட்டொரன்ட் என்றால் அறிக்கையில் நிரல், லிப்டொரன்ட், சாளரங்களை வரையும் க்யூட்டி நூலகம் ஆகிய மூன்றின் பதிப்பு எண்களும் இருக்கட்டும். அபௌட் சாளரத்தில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கேள்வி: காரணம் தெரியும்வரை, விழுந்தால் தானாக எழுப்பிவிடும்படி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். லினக்ஸில், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட் என்பதை ஆன் ஃபெயிலியர் என்று வையுங்கள். 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப வேண்டிவந்தால் அதுவே கைவிட்டுவிடும், அது நல்லதுதான். எழுந்த நேரங்களை ஜர்னலில் எண்ணிக்கொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் 2 நாளுக்கு ஒன்றாக இருந்தது நாளுக்கு ஐந்தானாலும் தெரியாது. க்யூபிட்டொரன்ட் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். எதுவரை இறங்கியது என்ற பதிவை அது இயல்பாக 60 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சேமிக்கிறது. அட்வான்ஸ்ட் பகுதியில் அதை 5 ஆக்கிவிட்டால், விழுந்து எழும்போது ஒரு மணி நேர வேலையை மறந்து நிற்காது.